ஒதுங்க மரமில்லாத மேடு

1

நிரந்தரமாகத் தங்கலாம் என்ற அனுமதி எனக்குப் போன மாசி மாதம் கிடைத்தது. நார்வேயின் வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் குளிரூட்டும் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்து அப்போது ஆறு ஆண்டுகள் முடிந்திருந்தன. ஊரின் பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது; என் வாயிலேயே இரண்டாம் ஆண்டுதான் நுழைந்தது.

அதற்கான அட்டையை வாங்கக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே இருந்த பெண் "முனியசாமி" என்று கூப்பிட்டாள். எழுந்து போனேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் அய்யாவின் பெயர் அதில் ஏறிவிட்டது. கார்த்திகா என்று என்னைக் கூப்பிட ஊரில்தான் ஆள் உண்டு. ஆலையில் 'முனி' என்கிறார்கள். எங்கள் ஊரில் முனி எங்கே நிற்கும், யாரை அடிக்கும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து கம்ப்ரசர் அறையில் காரணம் தெரியாத சத்தம் வந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கைரேகை எடுக்கும் கருவி என் விரல்களை ஏற்கவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் வறண்டு வெடித்திருந்தன. ஈரத்துணி ஒன்றைக் கொடுத்து, "நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள்" என்றாள். அப்புறம் ஏற்றுக்கொண்டது.

அனுமதி கிடைத்தவர்கள் கேக் வெட்டுவார்கள். எனக்கு வேறு ஆசை இருந்தது. ஆலை இருக்கும் ஊருக்குப் பின்னால் மரமே இல்லாத பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. அதைக் கடந்தால் அடுத்த கடல்நுழைவு, அதன் கரையில் ஒரு சிற்றூர். கோடையில் நடந்து போவார்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளில் போவார்கள். நான் அதைப் பனிக்காலத்திலேயே, தனியாக, ஓடிக் கடக்க நினைத்தேன். இனி இதுதான் இருக்கப்போகிற ஊர் என்றால் அதன் முதுகுப் பக்கத்தையும் காலால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது.

2

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கடலாடியிலிருந்து ஏர்வாடி போகும் வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. கொஞ்சம் மிளகாய்க் கொல்லை உண்டு. தையிலிருந்து பங்குனி வரை பழம் எடுப்பு. அம்மா, காளியம்மா சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவர் கொல்லையில் மற்றவர் என்று மாறி மாறிப் பழம் எடுப்பார்கள். விடிந்ததும் போனால் வெயில் சாயும்போதுதான் வருவார்கள்.

அம்மாவுக்குக் கடந்த ஓராண்டில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்தது. இரண்டாவது தடவை காய்ச்சல் உச்சிக்கு ஏறி, அய்யா ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மருத்துவர் வீடியோ அழைப்பில் என்னிடமே பேசினார். "இன்னொரு தடவை வந்தா கிட்னிக்குப் போயிரும்மா. தண்ணி குடிக்கச் சொல்லுங்க. வேற மருந்து கிடையாது."

இப்படி ஒரு வேலையை என்னிடம் கொடுத்தால் நான் முறையாகச் செய்வேன். கோடு போட்ட தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். அம்மாவின் தொலைபேசியில் மணிக்கொரு தடவை ஒலிக்கும்படி அலாரம் வைக்கத் தம்பியிடம் சொன்னேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பேசுவேன். அங்கே அப்போது பதினொன்றரை, கொல்லையில் வெயில் ஏறியிருக்கும் நேரம்.

"தண்ணி குடிச்சியாம்மா?"

"குடிச்சேன் குடிச்சேன்."

"எவ்வளவு?"

"இதென்னத்தா, அளந்தா குடிப்பாக? நீ சாப்ட்டியா?"

"பாட்டிலக் காட்டு."

"அது வீட்டுல இருக்கு. அதையும் இடுப்புல கட்டிக்கிட்டுப் பழம் எடுக்கச் சொல்லுறியா?"

பின்னால் காளியம்மா சித்தியின் குரல் கேட்கும். "ஏக்கா, தண்ணி இன்ஸ்பெக்டரு வந்துட்டாகளா? வாயத் தொறந்து காட்டு, ஈரம் இருக்கான்னு பாப்பாக."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். "அலாரம் அடிச்சுச்சா?" என்பேன். "அடிச்சுச்சு, அமுக்கிட்டேன்" என்பாள் அம்மா, மிக உண்மையாக.

எனக்குக் கோபம் வரும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருக்கும் சொம்பை எடுத்துக் குடிக்க இவளுக்கு என்ன கேடு என்று நினைப்பேன். அம்மாவின் சிறுநீரகம் எனக்கு முன்னால் ஒரு தேய்ந்துவரும் இயந்திரத்தைப் போல நின்றது. அதற்குத் தேவையானது என்ன என்று தெரியும். அதைச் செய்யவைக்க முடியவில்லை.

3

ஓடுவதாக நான் முதலில் சொன்னது சுகந்தி அக்காவிடம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஆலையில் மீன் துண்டமிடும் பிரிவில் என் வயதுக்குச் சமமான காலம் வேலை பார்த்துவிட்டார். இந்த ஊரில் எனக்குச் சோறு போட்ட முதல் வீடு அவருடையது.

"விசரே பிள்ளை உனக்கு? இந்தக் குளிருக்க நாயும் வெளியால போகாது. தனிய ஓடப் போறாளாம்!"

"பாதுகாப்பா எல்லாம் எழுதி வச்சிருக்கேன்க்கா."

"எழுதி வச்சாப்போல பனி உன்ர எழுத்தை வாசிச்சே பெய்யும்?"

அவருடைய மகள் அபி பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். அவள்தான் எனக்குப் பனியில் ஓடப் பழக்கியவள். எந்தக் காலணிக்கு எத்தனை ஆணி, எந்தத் துணிக்கு மேல் எந்தத் துணி என்பதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். எங்கள் பேச்சு முழுக்க நார்வேஜிய மொழியில் நடக்கும். அக்காவுக்கு அதுதான் தீராத குறை. "நான் தமிழில கேட்டா இவள் நொர்ஸ்க்கில மறுமொழி சொல்லுவாள். சின்னனில தேவாரம் பாடின பிள்ளை. எல்லாம் போச்சு" என்பார். அபி தோளைக் குலுக்கிவிட்டுத் தொலைபேசியைப் பார்ப்பாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. பதில்தான் வேறு மொழியில் வருகிறது.

என் நார்வேஜிய மொழி வேறு மாதிரியானது. வால்வு, அழுத்தம், கசிவு, உறைநிலை எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். ஒருமுறை மருத்துவரிடம் போய், "என் வயிற்றில் அழுத்தம் கூடியிருக்கிறது, கசிவு இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் நாகரிகமாகச் சிரிக்காமல் இருந்தார்.

நான் போட்ட பட்டியலை அபி சரிபார்த்தாள். தலைவிளக்கு, மாற்றுக் கையுறை, விசில், உடம்பைச் சுற்றிக்கொள்ள மெல்லிய அவசரப் பை, சூடான தேநீர் பிளாஸ்க், பேரீச்சம்பழம், அம்மா அனுப்பிய கடலை மிட்டாய், நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் தொலைபேசியில் காட்டும் கருவி. மார்புப் பையில் இரண்டு குடுவை வெந்நீர், கம்பளிக் காலுறைக்குள். தண்ணீர் உறையாதா என்று அக்கா கேட்டார். அது என் துறை. நிற்கும் நீர்தான் சீக்கிரம் உறையும். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போவேன், மேட்டின் பாதியைத் தாண்டும்போது குடுவை காலியாகிவிடும், உறைய எதுவும் மிஞ்சாது என்று கணக்கைக் காட்டினேன். கணக்கு சரியானதுதான். இப்போதும் அதில் பிழை காண முடியவில்லை.

அம்மாவிடம் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையடித்தாள். "எம்மகளுக்கு என்ன, பள்ளிக்கூடத்துலயே ஓடிக் கப்பு வாங்குனவ. உச்சி வெயில்ல ஓடுவா, ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டா."

உண்மைதான். விளையாட்டு ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி இதையே சொல்வார். எனக்கு ஓடுவதற்கென்று பிறந்த உடம்பு என்று நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

4

சூரியன் எழும்போது கிளம்பினேன். தொடக்கம் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை உரியும் குட்டை மரங்கள். பனிவண்டிகள் போய்ப் போய்த் தடம் இறுகியிருந்தது. ஆணி வைத்த காலணி 'கரக் கரக்' என்று கடித்துக்கொண்டு போனது. மூச்சு வெளியே வந்ததும் கண்ணிமையில் பனியாக ஒட்டிக்கொண்டது. குடுவையிலிருந்து இரண்டு மூன்று தடவை குடித்தேன். எல்லாம் திட்டப்படி நடந்தது.

மேட்டுக்கு ஏறும் இடத்தில் மரங்கள் முடிகின்றன. கடைசி மரக்கூட்டத்தின் அருகே நின்றேன். அடிவயிறு முட்டியிருந்தது, ஒதுங்கிவிட்டுப் போகலாம் என்று எண்ணம். சுற்றிப் பார்த்தபோது ஒரு தகப்பன் இரண்டு சின்னப் பெண்களோடு சறுக்கிக்கொண்டு வந்தார். நான் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அவர்கள் கையசைத்துவிட்டுக் கீழே போனார்கள். அவர்கள் போன பிறகும் நான் மரத்தின் பின்னால் போகவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

மேலே போனதும் அப்புறம் என்று எதுவும் இல்லை. கண் எட்டும் தூரம் வரை வெள்ளை. வழி தவறாமல் இருக்க ஊன்றிய குச்சிகள் மட்டும் வரிசையாகப் போயின. ஒரு பாறை இல்லை, ஒரு புதர் இல்லை. நம் ஊரில் உப்பளத்தின் நடுவே நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. குளிர் மட்டும் வேறு.

அதற்குப் பிறகு நான் தண்ணீரைத் தொடவில்லை. மறக்கவில்லை. மணிக்கட்டில் கடிகாரம் 'குடி' என்று அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் "குடிச்சேன் குடிச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அதை அமுக்கினேன். குடிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவும் நினைவில்லை. கை தானாகக் குடுவையின் பக்கம் போகாமல் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் வாய் காய்ந்தது. கடலை மிட்டாய் கல்லாக இறுகிப்போயிருந்தது. உமிழ்நீர் இல்லாமல் அதைக் கரைக்க முடியவில்லை, துப்பினேன். பேரீச்சம்பழமும் தொண்டையில் நின்றது. சாப்பிடாததால் உடம்பு சூடு குறைந்தது. சூடு குறைந்ததும் கால் கனத்தது. இந்த வரிசையை இப்போது தெளிவாக எழுத முடிகிறது. அப்போது வெறும் சோம்பல் போலத்தான் இருந்தது.

நண்பகலுக்கு மேல் காற்று திசை மாறியது. தரைப் பனி தூள் தூளாகக் கிளம்பி முழங்கால் உயரத்துக்கு ஆறு போல ஓடியது. குச்சிகள் ஒன்று தெரிந்தால் அடுத்தது தெரியவில்லை. இனியாவது குடிக்க வேண்டும் என்று குடுவையை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒன்றும் வரவில்லை. உறிஞ்சும் குழாயின் வாய் உறைந்திருந்தது. குடுவையை அழுத்தினால் உள்ளே பனிக்கட்டி நறநறத்தது. குளிரூட்டும் பொறியாளர் ஒருத்தி இரண்டு குடுவைத் தண்ணீரைத் தன் மார்பிலேயே வைத்து உறைய விட்டிருந்தாள்.

பையை இறக்கிப் பிளாஸ்கை எடுத்தேன். மூடியைத் திருக விரல்களுக்குப் பலமில்லை. கையுறையைக் கழற்றினேன். இன்னும் மோசமானது. பிளாஸ்கைத் திரும்ப உள்ளே வைத்துப் பையின் ஜிப்பை இழுக்கவும் வரவில்லை. திறந்தபடியே தோளில் மாட்டிக்கொண்டேன்.

நடக்கும்போது தடுக்கினேன். எழுந்தேன். இன்னொரு தடவை தடுக்கியபோது உடனே எழத் தோன்றவில்லை. பனி மெத்தென்று இருந்தது. சற்று உட்கார்ந்து போகலாம் என்று தோன்றியது. 'தடுக்குதல், விரல் மரத்தல், உட்காரும் ஆசை' என்று என் பட்டியலில் நானே எழுதியிருந்தேன், அவசரமாகத் திரும்ப வேண்டிய அறிகுறிகள் என்ற தலைப்பில். அந்த வரி மட்டும் எங்கிருந்தோ வந்தது. பயம் அப்போதுதான் வந்தது. இங்கே உட்கார்ந்தால் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். காவல் நிலையத்திலிருந்து கடலாடிக்கு எப்படிச் சொல்வார்கள், அய்யாவின் பெயரைச் சொல்லியா?

அவசரக் குடில் ஒன்று வழியிலிருந்து பிரிந்து சிறிது தூரத்தில் இருப்பது தெரியும். மேட்டைக் கடப்பது முடிந்துபோன விஷயம். இனி அந்தக் குடிலுக்குப் போய்ச் சேர வேண்டும். குச்சிக்குக் குச்சி, ஒன்றைக் கையால் தொட்ட பிறகே அடுத்ததற்கு என்று போனேன்.

5

குடிலின் புகைக்குழாயில் புகை வந்தது. வெளியே ஒரு ஜோடிச் சறுக்குக் கட்டைகள். கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு நாயும் எட்டிப் பார்த்தது. நான் பயிற்சி செய்து வைத்திருந்த நார்வேஜிய வாக்கியம் எல்லாம் போய், "அக்கா, தண்ணி" என்றேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தது போதுமானதாக இருந்தது. உள்ளே இழுத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, தன் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, சூடான பழச்சாறைக் கையில் வைத்து மூடினாள். பெயர் மாரித். நான் இரண்டு கோப்பை குடித்து நடுக்கம் தொடங்கிய பிறகுதான் பேச்சு.

"கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய்?" என்று நேராகக் கேட்டாள்.

"காலையில். வீட்டில்."

"வீட்டிலா?" சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "ஏன்?"

"மரம் இல்லை" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தன் கணவனிடம் பனிவண்டி கொண்டுவரச் சொல்லித் தொலைபேசியில் பேசினாள். பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்தாமலே கதவைப் பாதி திறந்து வெளியே போனாள். இரண்டு எட்டு தள்ளி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். "நாளைக்கும் இந்தக் காற்று நிற்காது என்று நினைக்கிறேன்" என்று அங்கிருந்தபடியே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் காது சூடானது.

உள்ளே வந்து, "இப்போது நீ. காற்று இடப்பக்கம், முதுகை அங்கே வை" என்றாள்.

வெளியே போனேன். அவள் உட்கார்ந்த இடத்தில் என்னால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குடிலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே போயும் நாலு பக்கமும் பார்த்தேன். மைல் கணக்கில் ஒரு ஆள் இல்லை. நாய் மட்டும் பின்னாலேயே வந்து என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"யாரிடமிருந்து ஒளிகிறாய்? நாயிடமிருந்தா?" உள்ளிருந்து மாரித் கத்தினாள்.

"அதைக் கூப்பிடு!"

"அது பெண் நாய்தான்!"

வெகு நேரம் கழித்து வந்தது. கொஞ்சம்தான். வெள்ளைப் பனியின் மேல் அது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போன அன்று அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் சொன்ன நிறம். நான் அதைப் பார்த்துக்கொண்டு குந்தியபடியே இருந்தேன். வலித்தது. அழுதேன் என்றும் சொல்லலாம். கண்ணில் வந்தது இமையிலேயே உறைந்துவிட்டதால் உறுதியாகத் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் பனிவண்டி வந்து என்னைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது.

6

மறுநாள் சுகந்தி அக்கா வீட்டில் கஞ்சி. திட்டும் கூடவே வந்தது. அபி என் உறைந்த குடுவைகளை எடுத்துப் பார்த்தாள். கருவியில் என் புள்ளி நகராமல் நின்றதைப் பார்த்து மீட்புக் குழுவுக்கு அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாளாம். அவள் முகம் இன்னும் வெளுத்திருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். கடைசி மரம் வரை வந்ததும் அவள் இடைமறித்து நார்வேஜிய மொழியில் கேட்டாள்: "ஏன் அங்கேயே உட்கார்ந்து போகவில்லை?"

"ஆட்கள் வந்தார்கள்."

"சரி, போய்விட்டார்களே. அதற்குப் பிறகு?"

"மேலே மறைவு இல்லை."

"ஆனால் ஆளும் இல்லையே." அவள் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தாள். ஒரு கணக்கில் விடுபட்ட வரியைத் தேடுகிறவள் போல என்னைப் பார்த்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அந்த வரி தெரியும். "எங்கட பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான் பிள்ளை" என்றார் மெதுவாக. "விடிய ஒரு வாய் தேத்தண்ணி. பிறகு வீட்டை வந்துதான்."

என் பள்ளியில் பெண்களுக்கு ஒரு அறை இருந்தது. தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நாங்கள் எல்லாரும் ஒரே வழியைக் கண்டுபிடித்துவிட்டோம்: குடிக்காவிட்டால் போகவேண்டியதில்லை. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. சில மாதத்தில் தாகமே எடுக்காமல் போனது. எச்சரிக்கை மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டால் மணி அடிக்காது. அதனால் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று பொருள் இல்லை. என் கோப்பைகளுக்கும் அம்மாவின் பெருமைக்கும் ஆசிரியரின் பாராட்டுக்கும் அடியில் இருந்தது அந்தப் பிடுங்கிய ஒயர்தான். ஓடுவதற்கென்று பிறந்த உடம்பு ஒன்றும் இல்லை.

அபிக்கு அந்த ஒயர் அறுபடவில்லை. அவளுக்கு இது புரியாது. தமிழ் போனது பற்றி அக்கா வருந்தும்போது நானும் கூடவே தலையாட்டியிருக்கிறேன். நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் போனவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கொடுக்காமல் விட்டவற்றில் இந்தப் பிடுங்கிய ஒயரும் ஒன்று. அன்று மேசைக்கு எதிரில் அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மேட்டின் மறுபாதி அங்கேயேதான் இருக்கிறது. என்றாவது போவேன். எனக்கு அன்று வேறு அவசரம் இருந்தது.

7

அம்மாவிடம் குடித்தாயா என்று அன்று கேட்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டுவதற்கு மூச்சு இழுக்கும்போதே கேட்டேன்: "அம்மா, கொல்லையில இருக்கும்போது நீ எங்கன போற?"

"எங்கன போறேனா? எங்கயும் போகல. இங்கனதான் இருக்கேன்."

"அது இல்லம்மா. ஒதுங்க."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, வரப்பில் தள்ளிப் போய்ப் பேசினாள்.

"இதெல்லாம் என்ன பேச்சுத்தா?"

"சொல்லும்மா."

"முன்ன கம்மாக்கரைல கருவக்காடு இருந்துச்சுல்ல. நாலு எட்டுல போயிட்டு வந்துருவோம். அதத்தான் பொக்லைன வச்சு வேரோட அள்ளிட்டாகளே. இப்ப மொட்டையாக் கெடக்கு. ஏர்வாடி பஸ்சுல போற அம்புட்டுப் பேரும் பாப்பாக. எங்கன போறது?"

"அப்ப என்ன செய்வீங்க?"

"அடக்கிக்கிறதுதான். ரொம்ப முடியலன்னா நாலு பேரு சேலைய விரிச்சுப் பிடிச்சு நிப்போம். தெனமும் அவளுகள வேலைய விட்டு நில்லுன்னு சொல்ல முடியுமா? பொழுது அடஞ்சு வீட்டுக்கு வந்துதேன்."

சீமைக் கருவேலத்தை வெட்டியபோது எங்கள் ஊரே கொண்டாடியது. நிலத்தடி நீரைக் குடிக்கிற மரம் என்று நானும் சேர்ந்து மகிழ்ந்தேன். அன்று ஊர்ப் பெண்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காதவர்களில் நானும் ஒருத்தி. தொற்று அதற்கடுத்த அறுவடையில்தான் வந்தது. இத்தனை மாதமாகப் பாட்டிலும் அலாரமும் அனுப்பியவள், உள்ளே போகும் தண்ணீர் வெளியே போக இடம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. குழாய் போடும்போது நான் முதலில் பார்ப்பது வடிகாலைத்தான்.

"கொல்லை மூலைல மறைப்புக் கட்டுவோம்மா" என்றேன்.

"போடி. வெளிநாட்டுக்காரி வந்து கொல்லைக்குள்ள கக்கூசு கட்டுறாளாம்னு ஊரே சிரிக்கும்."

ஆனால் இரண்டு நாள் கழித்து அவளே பேசினாள். காளியம்மா சித்தியிடம் சொன்னாளாம். அவர் சிரிக்கவில்லையாம். "எனக்கும் எரிச்சல் இருக்குக்கா, யாருகிட்டச் சொல்ல?" என்றாராம். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்களாம். பனையோலைத் தட்டி நாலு, ஊன்றக் கம்பு, உள்ளே குழியும் மண்ணும், ஒரு குடம் தண்ணீர். வாசல் ரோட்டுப் பார்வை படாத பக்கம். பெண்களே ஒரு முற்பகலில் கட்டி முடித்தார்கள். அய்யா பார்த்துவிட்டு, "இதென்ன, காவலுக்குக் கொட்டகையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, காவலுக்குத்தேன்" என்றாளாம் அம்மா. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் வழக்கமான நேரத்தில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை. நான் கோட்டின் பொத்தானைப் போடாமல் வாசலிலேயே நின்றேன். இரண்டாவது தடவை அழைத்தபோது காளியம்மா சித்தி எடுத்தார்.

"என்ன சித்தி, அம்மா எங்க? ஒண்ணுமில்லையே?"

"ஒங்கம்மாவுக்கு என்ன? நல்லாத்தேன் இருக்கா. தட்டிக்குள்ள போயிருக்கா. விடிஞ்சதுலேருந்து இது ரெண்டாவது நடை. சொம்பு சொம்பாக் குடிக்கிறது, எந்திரிச்சு எந்திரிச்சுப் போறது. இன்னும் ஒரு நெரை பழம் எடுக்கல, அவ பங்கையும் நாந்தேன் எடுக்கேன். செத்த இரு, சத்தம் போட்டுக் கூப்பிடுறேன். ஏக்கா!"

"வேண்டாம் சித்தி, கூப்பிடாதீங்க" என்றேன். "மெதுவா வரட்டும்."